சுவரைப் பார்த்த கதிரை

மிஸ் நோவாக்கை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் அல்ல, முதுகு. சாம்பல் நிற ஸ்வெட்டர், அதற்கு மேலே பென்சில் குத்திய நரைத்த கொண்டை, கதிரையின் பின்புறத்தில் தொங்கும் குளிர்க்கோட்டு. கோட்டில் ஒட்டியிருந்த பனி மெல்ல உருகி, பளபளக்கும் மர நிலத்தில் சொட்டுச் சொட்டாக விழும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கொமியூனிற்றி சென்ரர். சனிக்கிழமை காலை. ஜிம்மின் ஒரு மூலையில், தீயணைப்புச் சிலிண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்தபடி ஒரு மடக்குக் கதிரை. அதில் அவர் இருந்து புவியியல் வரைபடங்களைச் சிவப்புப் பேனாவால் திருத்துவார். அவருக்குப் பின்னால் நாங்கள் பட்மிண்டன் விளையாடுவோம்.

அவர்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் பட்மிண்டன் பயிற்சியாளர். அந்தப் பனிக்காலம் முழுவதும் அவர் எங்களை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது சட்டம், அல்லது சட்டத்தை அவர் விளங்கிக்கொண்ட விதம்.

பழகக் கூடாத காலம்

அந்த நாட்களில் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டிகளை நடத்திய சங்கத்தில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பருவம். பட்மிண்டனுக்கு மார்ச் விடுமுறை முடிந்த பிறகுதான் பருவம் தொடங்கும். அதற்கு முன்னர் பள்ளிப் பயிற்சியாளர் தன் அணியைக் கூட்டிப் பயிற்சி கொடுக்கக் கூடாது.

காரணங்களை மிஸ் நோவாக் எங்களுக்கு விளக்கினார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். வசதியுள்ள பள்ளிகள் வருடம் முழுக்கப் பழக்கி மற்றவர்களை மிதிக்கக் கூடாது. பிள்ளைகள் ஒரே விளையாட்டில் கிடந்து தேயக் கூடாது. ஆசிரியர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறது. மூன்றுமே நியாயமான காரணங்கள்தான். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“பழகக்கூடாதெண்டு ஒரு சட்டமோ?” என்றார் அப்பா. “அப்ப படிக்கக்கூடாதெண்டும் ஒரு சட்டம் வைச்சிருக்கிறாங்களோ?”

“அதுக்கு சமர் ஹொலிடே எண்டு பேரப்பா,” என்றேன்.

இந்த விதி ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதப்படாமலே நடைமுறையில் இருந்தது. அங்கே விளையாட்டு மாஸ்டருக்குத் தன்னிடம் விசில் இருப்பது ஞாபகம் வருவதே வருடாந்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான். மற்ற நாட்களில் அவர் கணக்குப் படிப்பிப்பார். கணக்கும் அப்படித்தான் படிப்பித்தார் என்பது வேறு கதை.

ரீச்சர் நிக்கிறாவோ?

விதி பயிற்சியாளருக்கு மட்டும்தான். பிள்ளைகள் தாங்களாகச் சேர்ந்து பழகுவதை யாரும் தடுக்கவில்லை. வேறு பள்ளிப் பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். கொமியூனிற்றி சென்ரரில் சனிக்கிழமைகளில் ஒரு மைதானத்தை எடுத்து, தாங்களே அடித்துப் பழகினார்கள்.

எங்கள் அணியில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெண்கள். எங்களுக்கு விளையாட்டுச் சங்கத்துக்கு மேலே இன்னொரு சங்கம் இருந்தது. அதன் தலைவி என் அம்மா. அந்தச் சங்கத்தில் ஒரேயொரு கேள்விதான்: “ரீச்சர் நிக்கிறாவோ?”

நயாகராவுக்குச் சுற்றுலாவா? ரீச்சர் நிக்கிறாவோ? நூலகத்தில் கூடிப் படிப்பதா? ரீச்சர் நிக்கிறாவோ? ரீச்சர் நின்றால் நாங்கள் செவ்வாய்க் கிரகத்துக்கும் போய்வரலாம். நில்லாவிட்டால் தெருமுனைக் கடைக்குப் போவதற்கும் தம்பி கூட வரவேண்டும். என் தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

என்னுடைய இரட்டையர் ஆட்டக் கூட்டாளி ஜெனிற்றா, மன்னார்ப் பிள்ளை. அவளுடைய வீட்டில் இன்னும் இறுக்கம். தேவாலயத்தில் பாட்டுக் குழுவுக்குப் போகலாம், ஏனென்றால் அங்கே சிஸ்டர் நிற்பார். சிஸ்டருக்குப் பட்மிண்டன் தெரியாதது எங்கள் துரதிர்ஷ்டம்.

ஆக, ரீச்சர் வந்தால் சங்கம் விடாது, வராவிட்டால் அம்மா விடமாட்டார். நானும் ஜெனிற்றாவும் மிஸ் நோவாக்கிடம் போய், மார்ச் மாதம் வரை எங்களால் மட்டையைத் தொட முடியாது என்று சொன்னோம். அது எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

இந்தப் பட்மிண்டன் எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் நான் வாய் திறந்தால் பின்வரிசையில் சிரிப்பார்கள். சாப்பாட்டு அறையில் எங்கே இருப்பது என்று தெரியாமல் தட்டோடு நின்றிருக்கிறேன். வலைக்கு முன்னால் மட்டும்தான் நான் யாரிடமும் ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. ஷட்டில் வரும், அடிப்பேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் நிமிர்ந்து நின்ற ஒரே இடம் அதுதான்.

மிஸ் நோவாக் கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, “சனிக்கிழமைகளில் நான் எப்படியும் எங்காவது இருந்து வரைபடங்கள் திருத்த வேண்டும். அதை எங்கே இருந்து திருத்தினால் என்ன?” என்றார்.

அதற்கு அவரே நிபந்தனைகளும் வைத்தார். அவர் சுவரைப் பார்த்துத்தான் இருப்பார். விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார். நாங்களும் கேட்கக் கூடாது.

முதல் சனிக்கிழமை அம்மா பரிசோதனைக்கு வந்தார். கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். “ரீச்சர் நிக்கிறா,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரீச்சர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்பது அம்மாவின் கேள்வியில் இல்லை.

ஒருநாள் ஷட்டில் ஒன்று பறந்துபோய் மிஸ் நோவாக்கின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்து, உதறி, திரும்பாமலே தோளுக்கு மேலே நீட்டினார். ஜெனிற்றா ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். இன்னொரு நாள் ஜெனிற்றா தடக்கி விழுந்தாள். “இரத்தம் வருகிறதா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். “இல்லை மிஸ்,” என்றாள். “அப்படியென்றால் சரி,” என்று அடுத்த வரைபடத்தை எடுத்தார்.

சில நேரங்களில், நான் அடித்த பிறகு, அவருடைய தோள் ஒரு கணம் இறுகித் தளரும். பேனாவும் நின்றுவிடும். ஜிம்முக்குள் குளிர் அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் நோய்

இந்தத் தொடரில் போன கிழமை வந்த பகுதியைப் படித்துவிட்டு ஓர் அன்ரி தொலைபேசியில் குறைப்பட்டார். அம்மாவைப் பற்றி மட்டுமே எழுதுகிறேனாம், அப்பாவை விட்டுவிட்டேனாம். அன்ரி, இதோ அப்பா.

அப்பா மார்க்கம் நகரில் யன்னல் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக இருந்தவர். வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தவர் அல்ல. அவருடைய துறை நன்றியுரை.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அந்த நோய் முற்றிவிட்டது. பிக்கரிங்கில் அரங்கேற்றமா, ரூஜ் பக்கத்தில் யாருடையதோ வெள்ளிவிழாவா, நன்றியுரைக்கு அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். நிகழ்ச்சி முடிந்து எல்லாரும் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, மேடையில் அப்பா யாரையும் விட்டுவிடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். யாரையாவது மறந்துவிட்டால் அன்றிரவு அவருக்கு நித்திரை வராது.

அந்த வருடம் எங்கள் பெற்றோர்கள் சேர்ந்து பொங்கல் விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் மிஸ் நோவாக். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விழா முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். இல்லை மிஸ், உங்களுக்குத்தான் என்றேன். அதை மடித்து வரைபடங்களோடு பையில் வைத்துக்கொண்டார்.

அப்பா நன்றியுரை சொன்னதோடு நிற்கவில்லை. அதைப் படத்தோடு ஒரு வாரப் பத்திரிகையிலும் போட்டார். இந்தப் பத்திரிகை அல்ல. அந்தப் பத்திரிகை நின்று எவ்வளவோ காலம். அதில் இருந்தது இதுதான்:

“இரவு பகல் பாராது, வெயில் மழை பாராது, தன்னலம் கருதாது, பனிக்காலம் முழுவதும் எம் பிள்ளைகளுக்குப் பட்மிண்டன் கலையை ஊட்டி வளர்த்த இரண்டாவது தாய், கல்லையும் சிலையாக்கிய சிற்பி, மிஸ் நோவாக் அவர்களுக்கு எமது சிரம் தாழ்ந்த நன்றிகள்.”

குசினி மேசையில் வைத்து நாங்கள் எல்லாரும் படித்தோம். படம் தெளிவாக வந்திருக்கிறது என்றார் அம்மா. வேறு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நன்றியுரையில் எழுதியிருப்பதை யாராவது உண்மையென்று எடுப்பார்களா?

ரோல்ஸ் சுற்றிய தாள்

எங்கள் பிரிவிலேயே இன்னொரு பள்ளிக்கூடம். அந்த அணியிலும் ஒரு தமிழ்ப் பெண். அவளுடைய அம்மா ஒருநாள் அணிக்கென்று மட்டன் ரோல்ஸ் செய்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அந்த அணியின் பயிற்சியாளர் ரோல்ஸைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தார். எண்ணெயில் ஊறிய தாளில், பொன்னாடையோடு மிஸ் நோவாக் சிரித்துக்கொண்டிருந்தார்.

இது என்ன எழுதியிருக்கிறது என்று அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் முதலாம் பிள்ளை. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் எனக்கு அவள் சிநேகிதியானாள். ரோல்ஸ் கதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளில் பிழை இல்லை. மொழிபெயர்ப்பு அருமையானது.

விளையாட்டுச் சங்கத்துக்கு முறைப்பாடு போயிற்று. குற்றம் உறுதியானால் அந்தப் பருவத்தில் எங்கள் அணி விளையாட முடியாது. மிஸ் நோவாக் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்க முடியாது. விசாரணைக்கு, எழுதியவர் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். துணை அதிபரின் அறையில் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவருக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. வாயில் இருமல் மிட்டாய். எதிர்ப்பக்கம் மிஸ் நோவாக். அவ்வளவு நேரம் அவருடைய முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு விசித்திரமாக இருந்தது.

தடிமன்காரர் தட்டச்சு செய்த தாளை எடுத்தார். “இரவும் பகலும் என்று எழுதியிருக்கிறது. இரவுப் பயிற்சி எங்கே நடந்தது?”

“அது எல்லாருக்கும் எழுதுறது எண்டு சொல்லு,” என்றார் அப்பா. சொன்னேன்.

“வெயிலும் மழையும் என்றால், வெளியிலும் பயிற்சி நடந்ததா?”

“அதுவும் எல்லாருக்கும் எழுதுறதுதான்.”

“சிற்பி என்றால்?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, பழைய பத்திரிகைத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். எல்லாம் அவர் எழுதிய நன்றிகள். மண்டப முகாமையாளர், இரவு பகல் பாராது. சமையல்காரர், தன்னலம் கருதாது. ஒலிபெருக்கி போட்டவர், வெயில் மழை பாராது.

“இந்த மைக்காரர் ரெண்டு மணித்தியாலம் நிண்டவர்,” என்றார் அப்பா. “அதிலயும் மைக் இடையில நிண்டுபோச்சு. அவருக்கும் இப்பிடித்தான் எழுதினனான். இது எங்கட முறை.”

நான் மொழிபெயர்த்தேன். ஓரத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டார். தடிமன்காரர் சிரிக்கவில்லை.

“சரி,” என்றார். “இவையெல்லாம் அலங்காரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மிஸ் நோவாக் உங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன செய்தார்? ஒரு வசனத்தில் சொல்லுங்கள்.”

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். சொல்லிக் கொடுக்க முடியாது. என் கடைசி வருடம் முழுவதும் அப்பாவின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா மிஸ் நோவாக்கைப் பார்த்தார். அப்பா தன் கையால் பொன்னாடை எடுத்துக் கொடுத்த மனுஷி. விழாவுக்கு வந்து பாதியில் போனவர்களுக்கும் ஒரு நல்ல வார்த்தை வைத்திருப்பவர் அப்பா. எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

“ஒண்டும் செய்யேல்லை,” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

“ஒன்றுமே இல்லையா?”

“பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லித் தரேல்லை. அவையள் விளையாடினதைப் பாக்கவும் இல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தவ.”

சொல்லிவிட்டு இருந்துவிட்டார். என் வாழ்நாளில் அப்பா நன்றி வணக்கம் சொல்லாமல் ஒரு பேச்சை முடித்தது அன்றுதான். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. மிஸ் நோவாக் ஆமென்று தலையசைத்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். “ஒரு ரீச்சரை முன்னுக்கு வைச்சுக்கொண்டு இப்பிடிச் சொல்லிப்போட்டு வந்து நிக்கிறியளே.” அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

தீர்ப்பு ஒரு கிழமைக்குள் வந்தது. அணி விளையாடலாம். மிஸ் நோவாக்மீது குற்றம் இல்லை. ஆனால் அடுத்த பனிக்காலத்திலிருந்து, பருவம் தொடங்கும் வரை, பயிற்சியாளர் தன் அணி பழகும் இடத்தில் இருக்கக் கூடாது; எந்தச் சுவரைப் பார்த்தும்.

கதிரை திரும்பிய நாள்

மார்ச் விடுமுறை முடிந்து முதல் நாள் பயிற்சி. பள்ளிக்கூட ஜிம். மிஸ் நோவாக் அன்றும் கதிரையோடுதான் வந்தார். அதை விரித்து, மைதானத்தைப் பார்க்க வைத்தார். அதில் இருந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்தார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. முதல் சேர்விஸை நான் வலையில் அடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஜெனிற்றாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“வலைக்குக் கிட்டே ஓடி எடுக்கும்போது உன் வலது கால் பிந்தி விழுகிறது,” என்றார். “ஷட்டில் மட்டையில் பட்ட பிறகுதான் கால் நிலத்தில் படுகிறது. முதலில் கால், பிறகு மட்டை. நவம்பரிலிருந்து நீ மாற்றித்தான் செய்கிறாய்.”

“நவம்பரில் பார்த்தீர்களா மிஸ்?”

“இல்லை. கேட்டேன்.”

விரலால் கதிரைக் கையில் தட்டிக் காட்டினார். டொக், பிறகு தட். அது என்னுடையது. தட், பிறகு டொக். அதுதான் சரி. ஜெனிற்றாவுக்கு வேறொரு சத்தம். அணியில் எல்லாருடைய பிழையும் அவருக்குக் காதால் தெரிந்திருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு பனிக்காலம் முழுக்க என்னைப் பிழையாகப் பழக விட்டுவிட்டு, பின்னால் இருந்து வரைபடம் திருத்தியிருக்கிறாரே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே திருந்தியிருப்பேன். அந்தத் தோள் இறுகித் தளர்வது அதற்குப் பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஜிம்முக்குள் குளிர் அவ்வளவு இல்லை. அந்தச் சத்தத்தை வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். கோபம் போய் அழுகை வந்தது. முகத்தைத் துடைப்பதுபோலத் துவாயால் மறைத்துக்கொண்டேன்.

நாங்கள் அந்த வருடம் அரையிறுதி வரை போனோம். அங்கே தோற்றோம். கால் சரியாகத்தான் விழுந்தது. எதிரில் நின்றவர்கள் எங்களைவிடத் திறமானவர்கள்.

அந்த முதல் நாள் என்னை ஏற்றிப்போக அப்பா வந்தார். விசாரணைக்குப் பிறகு அவர் மிஸ் நோவாக்கின் முகத்தைப் பார்க்கக் கூசி, காரை விட்டு இறங்குவதில்லை. ஹீற்றரைப் போட்டுவிட்டு உள்ளேயே இருந்தார்.

“ரீச்சர் என்ன சொன்னவா?” என்றார், கார் தெருவில் ஏறிய பிறகு.

“என்ர வலது கால் பிந்துதாம்.”

“இண்டைக்குத்தானே பாத்தவா. அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாவோ?”

“பாத்து இல்லையப்பா. நவம்பரில இருந்து காதால கேட்டுக்கொண்டு இருந்தவவாம். எல்லாற்ற பிழையும் அவவுக்குத் தெரியும். சொல்லக்கூடாதெண்டபடியால் சொல்லேல்லை.”

மார்க்கம் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்கு. வைப்பர் ஒருமுறை போய் வந்தது. மைக் நின்றுபோன மனிதரைத் தியாகி என்று எழுதிவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டவர், இப்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் அண்டைக்கு அந்த மூண்டு பேருக்கும் பொய்யெல்லே சொல்லிப்போட்டு வந்திருக்கிறன்,” என்றார்.

“எதப்பா பொய்?”

“ஒண்டும் செய்யேல்லை எண்டு சொன்னது.”

விளக்கு பச்சையாக மாறியது. அப்பா காரை எடுக்கவில்லை.

“பேப்பரில போட்டதுதான் சரி,” என்றார்.

பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார்.